மின்னடுக்குக் கண்ட வோல்ட்டா

இவ்வாண்டு மலருக்கு அறிவியல் மேதை ஒருவரின் வாழ்க்கை வரலாற்றை எழுதித் தரவேண்டும் என்று மன்றச் செயலாளர் கேட்டார். இராமானுசனைப் பற்றியோ சர். சி. வி. இராமனைப் பற்றியோ எழுதுவேன் என்றுதான் அவர் எதிர்பார்த்திருப்பார். தமிழ் மன்றத்து மலருக்கு அதுவே பொருத்தம் என்று நானும் எண்ணினேன். ஆயினும் சென்ற ஓராண்டாக என் உள்ளத்தில் குடியிருப்பவர் இத்தாலி நாட்டு அலெசாந்திரோ வோல்ட்டா. அவரைத் தேர்ந்துகொண்டதற்குக் காரணம் ஒன்று உண்டு. அது பெருமைப்படத்தக்க காரணமன்று. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

எங்கள் வீடு வலியசாலையில் இருக்கிறது. கோவில்பட்டிப் பக்கத்திலிருந்து என் பத்தாம் வயதில் இங்கே வந்து குடியேறினோம். தந்தையார் சாலைக் கடைத்தெருவில் ஒரு காகிதக் கடையில் கணக்கு எழுதுகிறார். மகாதேவர் கோயிலும் அக்கிரகாரத் தெருக்களும் சூழ்ந்த எங்கள் பகுதியே கல்வெட்டுகள் பேசும் காந்தளூர்ச் சாலை என்று ஆராய்ச்சியாளர் பலர் கருதுவர். ஆய் மன்னன் கருநந்தடக்கன் பார்த்திவசேகரபுரத்தில் 95 மாணவர்க்குக் கல்விச் சாலை அமைத்தபோது காந்தளூரையே முன்மாதிரியாகக் கொண்டான் என்று அவனுடைய செப்பேடு கூறுகிறது. அத்தகைய இடத்தில் வாழ்கிறோம் என்ற நினைவு படிக்கிற பிள்ளைக்குச் சற்றே செருக்கைத் தரும். எனக்கும் தந்தது.

எம்.எஸ்ஸி. ஆய்வுக்கு நான் எடுத்துக்கொண்ட பொருள், காகிதத்தில் அச்சிடும் மின்கருவி. கரியும் பசையும் கலந்த மையைச் சல்லடைத் துணி வழியே காகிதத்தில் அச்சிட்டு, வெளியிலிருந்து மின்கலம் வைக்காமலே வேலை செய்யும் ஒரு சிறு கருவியைச் செய்ய முயன்றேன். தந்தையார் கடையில் விற்காமல் கிடந்த தடித்த காகிதத்தை வாங்கி வந்து, கால்சியம் குளோரைடு கரைசலில் தோய்த்து உலர்த்தினேன். ஒரு முகத்தில் கரிமை. மறு முகத்தில் அடுக்களை அலுமினியத் தாள். இடவப்பாதி மழை தொடங்கிய வாரம் அது. காற்றின் ஈரத்தைக் காகிதம் குடித்தது. அளவுமானியின் முள் எழுந்து, அரை வோல்ட்டுக்குச் சற்று மேலே போய் நின்றது. மறுநாளும் நின்றது, மறு வாரமும் நின்றது!

நண்பர்களே, அந்த மகிழ்ச்சியை என்னென்று சொல்வேன்! மழைக்காற்றிலிருந்து மின்சாரம் எடுக்கும் காகிதத்தைச் செய்துவிட்டேன் என்று துறையின் கருத்தரங்கில் பேசினேன். கைதட்டினார்கள். வீட்டிற்கு வந்து தந்தையாரிடமும் சொன்னேன். அவர் பள்ளிப் படிப்போடு நின்றவர். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு ஒன்றே ஒன்று கேட்டார். வரவு எழுதியிருக்கிறாய், இதற்குப் பற்று எந்தக் கணக்கில் என்று கேட்டார். காற்றின் கணக்கில் என்று சொல்லிவிட்டு நகர்ந்தேன்.

அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. அந்த நாட்களில்தான் வோல்ட்டாவின் வரலாற்றைத் தேடிப் படித்தேன்.

பேசாத பிள்ளை

வடஇத்தாலியில் மலைகளுக்கிடையே நீண்டு கிடக்கும் ஏரியின் கரையிலுள்ளது கோமோ நகரம். அங்கே 1745ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 18ஆம் நாள் வோல்ட்டா பிறந்தார். உயர்குடிதான், ஆனால் செல்வம் கரைந்துபோன குடி. குழந்தைக்கு நான்கு வயது வரையில் பேச்சு வரவில்லை. ஊமையோ, மந்தமோ என்று பெற்றோர் கலங்கினர். ஏழு வயதுக்குள் அதே பிள்ளை மற்றப் பிள்ளைகளை முந்திச் சென்றது. அந்த வயதை ஒட்டியே தந்தையையும் இழந்தது. வளர்த்த உறவினர் அவரை வழக்கறிஞராக்க விரும்பினர். பள்ளியிலிருந்த பாதிரிமார் துறவியாக்க விரும்பினர். அவரோ மின்னியலில் மனத்தைப் பறிகொடுத்தார். பதினெட்டு வயதிலேயே பாரிசிலிருந்த நொல்லே போன்ற பேரறிஞர்க்குக் கடிதம் எழுதித் தம் கருத்துகளை எடுத்துரைக்கும் துணிவு அவருக்கிருந்தது. 1769இல் முதல் ஆராய்ச்சி நூலை வெளியிட்டார். 1774இல் கோமோவின் அரசுப் பள்ளியில் பணி கிடைத்தது.

ஓயாத தட்டு

1775இல் வோல்ட்டாவின் பெயரை ஐரோப்பா முழுவதும் அறியச் செய்த கருவி ஒன்று வெளிவந்தது. அதை மின்னேந்தி என்று சொல்லலாம். குங்கிலியம், மெழுகு, டர்பன்டைன் மூன்றையும் உருக்கி ஊற்றிய ஒரு வட்டப் பாளம். அதன்மேல் வைக்கக் கண்ணாடிப் பிடியுள்ள உலோகத் தட்டு. பாளத்தை ஒருமுறை தேய்த்து மின்னேற்றிவிட்டால் போதும். தட்டை அதன்மேல் வைத்து, விரலால் தொட்டு, பிறகு தூக்கினால் தட்டில் மின்னேற்றம் இருக்கும். அதைச் செலவிட்டுவிட்டு மீண்டும் வைத்துத் தொட்டுத் தூக்கலாம். நூறு முறை செய்தாலும் பாளம் சலிப்பதில்லை. சுவீடன் நாட்டு வில்கே இதே விளைவை 1762இலேயே கண்டிருந்தார். ஆயினும் யாவரும் கையாளும் கருவியாக்கிப் பரப்பியவர் வோல்ட்டாவே. அவர் அதற்கு என்றும் ஓயாத மின்னேந்தி என்று பெயரிட்டார்.

ஓயாதது என்ற அந்தச் சொல்லை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பாளம் ஓயாதது மெய்தான். ஓய்வது எது? தட்டைத் தூக்கும் கை! பாளத்தின் மின்னேற்றம் தட்டைத் தன்பால் இழுத்துப் பிடிக்கிறது. அந்த ஈர்ப்பை எதிர்த்துத் தூக்கும்போது கை செய்யும் வேலையே தீப்பொறியாக வெளிப்படுகிறது. பற்று, கையின் கணக்கில். அந்நாளில் அப்படிப் பார்க்க யாருக்கும் தோன்றவில்லை. ஆற்றல் அழியாது, இன்மையினின்று தோன்றவும் தோன்றாது என்னும் விதி உருப்பெற இன்னும் எழுபது ஆண்டுகள் இருந்தன.

அடுத்த ஆண்டுகளில் அவர் மாஜோரே ஏரியின் சேற்றைக் கோலால் கிளறி, எழுந்த குமிழிகளைப் பிடித்து, எரியும் வளியாகிய மீத்தேனைக் கண்டறிந்தார். 1778இல் பவியாப் பல்கலைக்கழகத்தின் பௌதிகப் பேராசிரியராக நியமனம் பெற்றார். ஏறக்குறைய நாற்பது ஆண்டுகள் அப்பதவி அவரிடமே இருந்தது. 1782இல் மிகச் சிறு மின்னேற்றத்தையும் திரட்டிக் காட்டும் மின்தேக்கியை விளக்கி எழுதினார். தேக்கி என்ற கருத்தில் அதற்குப் பெயர் சூட்டியவரும் அவரே. அறுவடை செய்ய மின்னேந்தி, சேர்த்து வைக்க மின்தேக்கி. இன்று காகிதத்தில் நாங்கள் அச்சிட முயலும் இரண்டு உறுப்புகளும் அவர் மேசையில் அன்றே இருந்தன. மூன்றாவதுதான் வரவேண்டியிருந்தது.

தவளையும் நாணயமும்

பொலோஞா நகரத்து உடற்கூற்று அறிஞர் லூயிஜி கால்வானி 1791இல் தம் தவளை ஆராய்ச்சியை வெளியிட்டார். செத்த தவளையின் நரம்பையும் தசையையும் இரு வேறு உலோகங்களால் இணைத்தால் கால் உதறுகிறது. உயிரினத்துக்குள்ளேயே மின்சாரம் உறைகிறது என்பது கால்வானியின் முடிவு. வோல்ட்டா முதலில் மனமாரப் பாராட்டினார்; பிறகு தாமே செய்து பார்த்தார்; செய்யச் செய்ய ஐயம் பிறந்தது. ஒரே உலோகத்தை வைத்தால் உதறல் இல்லை, அல்லது மிகக் குறைவு. இரு வேறு உலோகம் வைத்தால் வலுவாக உதறுகிறது. அப்படியானால் மின்சாரம் தவளையில் இருக்கிறதா, உலோகத்தில் இருக்கிறதா?

தவளையை ஒதுக்கிவிட்டுத் தம் நாக்கையே ஆய்வுக்கூடமாக்கினார். நாவின் நுனியில் வெள்ளீயத் தகடு, நடுவில் வெள்ளி நாணயம், இரண்டையும் வெளியே தொடும்படி சேர்த்தால் நாவில் ஒரு புளிப்பு. அந்தப் புளிப்பு நீடித்தது. ஒரு கணத்தில் மறையும் தீப்பொறியைப்போல் இல்லை. எதுவோ இடையறாமல் ஓடுகிறது என்பதை நாக்குச் சொன்னது.

கால்வானியோ உலோகமே இல்லாமல் நரம்பும் தசையும் தொட்டாலும் உதறல் உண்டு என்று காட்டினார். அதுவும் மெய்யே. இருவரும் பாதி உண்மையைக் கையில் வைத்திருந்தனர். நெப்போலியனின் படை வந்து இத்தாலியில் புதிய அரசை அமைத்தது. அவ்வரசுக்கு உறுதிமொழி கூற மறுத்த கால்வானி 1798இல் பதவியை இழந்து, அவ்வாண்டு முடிவதற்குள் மறைந்தார். தம் எதிராளி கண்ட மின்னடுக்கைக் காண அவருக்குக் கொடுத்துவைக்கவில்லை.

நனைந்த அட்டை

1799இல் ஆஸ்திரியப் படை திரும்பி வந்தது. பவியாப் பல்கலைக்கழகம் மூடப்பட்டது. வோல்ட்டா கோமோவில் தம் வீட்டில் இருந்தார். ஐம்பத்து நான்கு வயது. வீட்டில் மனைவி, மூன்று சிறு மைந்தர். அந்த நாட்களில்தான் உலகை மாற்றிய அடுக்கைக் கட்டினார். வெள்ளி வில்லை அல்லது செம்பு வில்லை ஒன்று, அதன்மேல் துத்தநாக வில்லை, அதன்மேல் உப்பு நீரில் தோய்த்த அட்டைத் துண்டு. மீண்டும் வெள்ளி, துத்தநாகம், அட்டை. இப்படியே முப்பது, நாற்பது, அறுபது. மேலும் கீழும் ஈரக்கையால் தொட்டால் கை அதிர்ந்தது. தொடும்போதெல்லாம் அதிர்ந்தது. 1800ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 20ஆம் நாள் இலண்டன் அரச கழகத்தின் தலைவர் சர் ஜோசப் பேங்க்ஸுக்குப் பிரெஞ்சு மொழியில் கடிதம் எழுதினார்.

வெள்ளியையும் துத்தநாகத்தையும் பற்றி எல்லோரும் பேசுவார்கள். அந்த அட்டையைப் பற்றி யார் பேசுகிறார்கள்? அது உலோகங்களைப் பிரித்து நிற்கிறது. உப்பு நீரைத் தன்னுள் ஏந்தி, மின்னணுக்கள் வெளியே கம்பி வழி செல்ல, அயனிகள் உள்ளே தன் வழி செல்ல இடம் தருகிறது. அட்டை உலர்ந்தால் அடுக்கு சாகும். அடுக்கு உயர உயர மேலுள்ள பாரம் அட்டையைப் பிழிந்து நீரை ஒழுகவிடும் இடர்ப்பாட்டையும் அவர் சந்தித்தார். அதற்காக அடுக்கின் புறத்தை மெழுகால் மூடிப் பார்த்தார். உப்பு நீர்க் கிண்ணங்களை வட்டமாக வைத்து, உலோக வளைவுகளால் இணைத்துக் கிண்ண மாலை என்று மற்றொரு வடிவமும் செய்தார். உலகின் முதல் மின்னடுக்கின் முதல் நோய் காகிதம் உலர்வதுதான்!

கடிதம் இலண்டனை அடைந்த சில வாரங்களிலேயே, அச்சாவதற்கு முன்பே, நிக்கல்சனும் கார்லைலும் ஓர் அடுக்கைக் கட்டி நீரை ஹைட்ரஜனாகவும் ஆக்சிஜனாகவும் பிரித்தனர். 1807இல் ஹம்ப்ரி டேவி பெரும் அடுக்குகளைக் கொண்டு பொட்டாசியத்தையும் சோடியத்தையும் பிரித்தெடுத்தார். 1801 நவம்பரில் பாரிசில் நெப்போலியன் முன்னிலையில் வோல்ட்டா தம் கருவியைச் செய்து காட்டினார். தங்கப் பதக்கமும் உதவிச் சம்பளமும் கிடைத்தன. 1810இல் பிரபுப் பட்டமும் கிடைத்தது. நெப்போலியன் வீழ்ந்த பிறகு ஆஸ்திரியப் பேரரசரும் அவரைக் கைவிடவில்லை; 1815இல் பாதுவாப் பல்கலைக்கழகத்தில் தத்துவப் பிரிவின் தலைவராக்கினார்.

வோல்ட்டா காணாதது

இங்கேதான் என் உறக்கத்தைக் கெடுத்த இடம் வருகிறது. இவ்வளவு கண்டவர் ஒன்றைக் காணவில்லை. இரு உலோகங்கள் தொடுவதே மின்சாரத்தின் ஊற்று என்று அவர் நம்பினார். தொடுதல் நீடிக்கும் வரையில் ஓட்டமும் நீடிக்கும். செலவு ஒன்றும் இல்லை. தம் அடுக்கும் ஓயாதது என்றே கருதினார். துத்தநாகம் கறுப்பதையும் அரிக்கப்படுவதையும் அவர் கண்கள் பாராமலில்லை. வில்லைகளை அடிக்கடி துடைத்துத் தூய்மை செய்யவேண்டியிருந்தது. ஆனால் அதைத் தொல்லை என்று எண்ணினார். விலை என்று எண்ணவில்லை. பிளாரன்சு நகரத்து பாப்ரோனி போன்றோர் இரசாயன மாற்றமே காரணம் என்று முன்பே சொல்லியிருந்தனர். நிக்கல்சனும் டேவியும் துத்தநாகத்தின் அரிப்பைச் சுட்டிக் காட்டினர். அவர் தம் கொள்கையை விடவில்லை. 1814இல் மிலான் நகரில் டேவியோடு வந்த இளம் உதவியாளர் ஒருவர் முதியவரான வோல்ட்டாவைச் சந்தித்தார். அவர் பெயர் மைக்கேல் பாரடே. எவ்வளவு மின்சாரம் சென்றதோ அவ்வளவுக்கு ஏற்பவே உலோகம் மாறும் என்று 1830களில் அளந்து நிறுவியவர் அந்த இளைஞரே.

அந்தக் கணக்கைப் படித்த அன்றே ஆய்வுக்கூடத்துக்கு ஓடினேன். மூன்று வாரமாக வேலை செய்த என் காகிதத்திலிருந்து அலுமினியத் தாளை மெல்ல உரித்து வெளிச்சத்தின் எதிரே பிடித்தேன். ஊசியால் குத்தியதுபோல் எங்கும் துளைகள். பிறகு அலுமினியத்தை நீக்கிவிட்டு, இரு முகத்திலும் கரிமையே அச்சிட்டு மீண்டும் அளந்தேன். முள் ஏறக்குறைய அசையவே இல்லை.

பாரடேயின் விதிப்படி கணக்குப் போட்டேன். ஒரு கிராம் அலுமினியம் முழுதும் கரைந்தால் ஏறக்குறைய 2980 மில்லியாம்பியர்-மணி மின்னோட்டம் தரும். இரண்டு சென்டிமீட்டர்ச் சதுரமான என் தாளின் எடை கிராமில் அறுபதில் ஒரு பங்கு. அதில் அடங்கியது 50 மில்லியாம்பியர்-மணி. நான் எடுத்த ஓட்டம் 10 மைக்ரோ ஆம்பியர். அந்த வேகத்தில் அத்துணைச் சிறு தாளும் இருநூறு நாட்களுக்கு மேல் தாங்கும்! மூன்று வாரம் பார்த்துவிட்டு ஓயாதது என்று நான் முடிவு கட்டியதில் வியப்பென்ன? வட்டி என்று நான் நினைத்தது முதலையே தின்றது. ஈரம் கதவைத் திறந்துவிட்டது, அவ்வளவே. பணம் அலுமினியத்தின் பெட்டியில் இருந்தது.

தந்தையாரிடம் போய்ப் பற்றின் கணக்குக் கிடைத்துவிட்டது என்றேன். அவர் சிரிக்கவில்லை. கண்டுபிடித்தவர்களிடம் சொல்லிவிட்டாயா என்று மட்டும் கேட்டார். மறு வாரம் அதே கருத்தரங்கில் எழுந்து நின்று என் முடிவைத் திரும்பப் பெற்றேன். இம்முறை கைதட்டல் இல்லை. ஆய்வு ஒரு பருவம் பின்னுக்குப் போயிற்று. இப்போது அதே காகிதத்தை, காற்றின் மின்கலம் என்று சொல்லாமல், அலுமினியத்தை உண்ணும் மின்கலம் என்றே சொல்லி ஆராய்ந்து வருகிறேன்.

இன்றைய காகிதம்

காகித மின்கருவி வீண் கனவு என்று யாரும் கருதவேண்டா. 1812இல் இத்தாலியரான சம்போனி, உலோகம் பூசிய காகித வில்லைகளை ஆயிரக்கணக்கில் அடுக்கி உலர் மின்னடுக்குச் செய்தார். அவ்வகை அடுக்குகளைக் கொண்டு 1840இல் ஆக்ஸ்போர்டில் அமைத்த ஒரு சிறு மணி நூற்றைம்பது ஆண்டுகளுக்கும் மேலாக ஒலித்தது. 2007இல் கொடுங்ஙல்லூரில் பிறந்த புளிக்கல் அஜயனும் அவர் தோழர்களும் அமெரிக்காவில் ரென்சிலர் கல்வி நிலையத்தில், கரிம நுண்குழாய்களைக் காகிதத்தின் பொருளாகிய செல்லுலோசில் பதித்து, மடிக்கவும் சுருட்டவும் கூடிய மின்கலமும் மின்தேக்கியும் செய்தனர். அக்குழுவில் இருந்த ஷைஜுமோன் பின்னர் நம் திருவனந்தபுரத்து ஐசர் நிறுவனத்தில் பேராசிரியரானார்.

2022இல் சுவிட்சர்லாந்தின் எம்பா ஆய்வு நிலையத்தார் உப்பேற்றிய காகிதத்தில் ஒரு பக்கம் கிராபைட்டு மையும் மறு பக்கம் துத்தநாக மையும் அச்சிட்டனர். இரண்டு சொட்டு நீர் விட்டால் இருபது விநாடியில் அது உயிர் பெறும், 1.2 வோல்ட்டு தரும். இரண்டு கலங்களால் ஒரு சிறு கடிகாரத்தை ஓட்டிக் காட்டினர். ஒரு மணி நேரம் சென்றபின் அது தளர்ந்தது. ஏன் தெரியுமா? காகிதம் உலர்ந்துவிட்டது! 1800இல் கோமோவில் கண்ட அதே நோய். அவர்கள் துத்தநாகமே செலவாகிறது என்று மறைக்காமல் எழுதினார்கள். ஒருமுறை பயன்படுத்தி எறியும் கருவிக்கு இதுவே போதும் என்றும் அளவிட்டுச் சொன்னார்கள். வேறு சிலர் வோல்ட்டாவின் மின்னேந்தியைப் போலவே, காகிதங்கள் ஒன்றையொன்று தொட்டுப் பிரியும்போது மின்னெடுக்கிறார்கள். அங்கே பற்று விரலின் அசைவில். சூரியக் கலத்தை அச்சிட்டால் பற்று வெயிலில். எங்கும் பற்று உண்டு. அது எந்த ஏட்டில் இருக்கிறது என்று காட்டத் தெரிந்தவனே பொறியைச் சீராக்கவும் தெரிந்தவன்.

வோல்ட்டா 1819இல் ஓய்வு பெற்றுக் கோமோவை அடுத்த காம்னாகோவிலுள்ள தம் இல்லத்தில் அமைதியாக வாழ்ந்து, 1827 மார்ச்சுத் திங்கள் 5ஆம் நாள் உயிர் நீத்தார். 1881இல் பாரிசில் கூடிய மின்னியலார் மின்னழுத்தத்தின் அலகுக்கு வோல்ட்டு என்று பெயரிட்டனர். 1899இல் கோமோவில் நடந்த பொருட்காட்சியில் தீப்பற்றி அவர் கையாண்ட கருவிகள் பல எரிந்துபோயின. 1984இல் இத்தாலி வெளியிட்ட 10,000 லீரா நோட்டில் அவர் முகமும் மின்னடுக்கும் அச்சாயின. காகிதத்தை வைத்துப் புகழ் கொண்டவரைக் காகிதமே பல ஆண்டுகள் கைக்குக் கை கொண்டு சென்றது.

அவர் பிழைத்த இடத்தைச் சொன்னதால் அவர் பெருமை குறைந்ததாக நினைக்கவேண்டா. கண்ணெதிரே கறுத்த துத்தநாகத்தைத் துடைத்துவிட்டு மறந்தவர் அத்துணைப் பெரியவர் என்றால், நம்போன்றோர் எத்துணை விழிப்பாக இருக்கவேண்டும்! தோழர்களே, உங்கள் கருவி ஏதேனும் தானாகவே இயங்குவதுபோல் தோன்றினால், கைதட்டலுக்கு முன் ஒருமுறை அதைப் பிரித்து வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். எங்கள் வலியசாலை வீட்டில் அந்தத் துளைவிழுந்த அலுமினியத் தாளைத் தந்தையார் தம் கணக்கேட்டின் நடுவே வைத்திருக்கிறார். எறிந்துவிடும்படி நான் கேட்கவில்லை.